பிரிவு உபசாரக் காபி

கேக்கில் பாதாம் சேர்க்கலாமா என்று கேட்கத்தான் மிர்யா அன்று காலையில் போன் செய்தாள்.

சைலா ஒரு கையில் போனும் மறு கையில் கஞ்சிக் கரண்டியுமாக அடுப்பருகே நின்றாள். கூடத்தில் தரையில் உட்கார்ந்து, வலது முழங்காலை மடக்கியும் நீட்டியும் பார்த்துக்கொண்டிருந்தான் யார்னோ. தினமும் எழுந்ததும் அந்த முழங்காலோடு கொஞ்ச நேரம் சமாதானம் பேசினால்தான் அது அவனைக் குளியலறை வரைக்குமாவது கூட்டிக்கொண்டு போகும்.

"பாதாம் போடலாம் மிர்யா. அவன் எதையும் ஒதுக்க மாட்டான்" என்றாள் சைலா.

இந்தக் குடும்பத்தோடு வாராவாரம் வருகிறவர்களுக்கு அந்தக் கேக்கின் கதை தெரியும். இன்றுதான் உள்ளே நுழைகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

யார்னோ திர்க்கோனன் கால்பந்தாட்டக்காரன். வார்க்கவுஸ் ஊரில், காகித ஆலைக்குப் பக்கத்து மைதானத்தில் தொடங்கியவன். தடுப்பாட்டம் ஆடுகிறவன், அதனால் கோல் போட்டுப் புகழ் வாங்கும் யோகம் இல்லை. நார்வே, டென்மார்க், போலந்து, சைப்ரஸ் என்று எந்தச் சின்னக் கிளப் கூப்பிட்டாலும் போனான். நாட்டுக்காக ஒரே ஒரு முறை, ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் இறக்கிவிட்டார்கள். அந்தச் சட்டை இன்றைக்கும் அவன் அப்பா தைஸ்தோ வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

அவன் போன இடத்துக்கெல்லாம் சைலாவும் பெட்டி கட்டினாள். நர்ஸ் படிப்பு படித்தவள் ஒரு நாட்டில் ஓட்டல் அறைகளைப் பெருக்கினாள், இன்னொரு நாட்டில் பாஷை தெரியாத பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டாள். சில வருடங்களுக்கு முன்பு சொந்த ஊருக்கே திரும்பி வந்து, முதியோர் இல்லத்தில் நிரந்தர வேலை கிடைத்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. மகள் கெர்ட்டுவும் ஒரு வழியாக ஒரே பள்ளிக்கூடத்தில் தொடர்ந்து படிக்க ஆரம்பித்தாள்.

ஆகஸ்ட் மாதம் ஏரிக்கரைக் குடிலில் ஆட்டக்காரர்களின் மனைவிமார் சேர்ந்து சௌனா என்கிற நீராவிக் குளியல் அறையில் உட்கார்ந்திருந்தபோது, பயிற்சியாளர் ஹர்ரியின் மனைவி மிர்யா சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டாள். "யார்னோ இந்த சீசனோட நிறுத்திக்கப்போறானா?"

சைலா பதில் சொல்லவில்லை. சூடேறிய கற்களின் மேல் ஓர் அகப்பைத் தண்ணீரை ஊற்றினாள். ஆவி புஸ்ஸென்று எழுந்தது. பேச்சு வேறு எங்கோ போய்விட்டது.

வேறு ஊராக இருந்தால் மிர்யா இன்னொரு தடவை கேட்டிருப்பாள். வார்க்கவுஸ் இருக்கிற சவோ பக்கத்து ஆட்களிடம் அது நடக்காது. பளிச்சென்று ஆமாம் என்பதும் அவர்களுக்கு அதிகப்பிரசங்கித்தனம், முகத்துக்கு நேராக இல்லை என்பதும் அதிகப்பிரசங்கித்தனம். ஒருவர் பேசாமல் இருந்தால் ஆமாம் என்று எடுத்துக்கொண்டு, மேலே தோண்டாமல் விடுவதுதான் அங்கே மரியாதை. மிர்யா மரியாதையாக ஹர்ரியிடம் சொன்னாள். ஹர்ரி மரியாதையாகக் கிளப் மேனேஜரிடம் சொன்னான். ஸ்டேடியம் வாசலில் 'நன்றி, யார்னோ!' என்று ஆளுயரப் போஸ்டர் ஏறியது. சீசனின் கடைசி ஆட்டமான இன்றைக்குப் பிரிவு உபசாரக் காபியும் கேக்கும் ஏற்பாடாயின. சம்பந்தப்பட்டவனிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

யார்னோவும் கேட்கவில்லை. போஸ்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று ஷூவைக் கழற்றிக்கொண்டே, "இப்படித்தான் வெளிய அனுப்புவாங்கபோல" என்றான். கிளப்புக்குத் தான் வேண்டாதவனாகிவிட்டதாக அவன் நினைத்துக்கொண்டான். சைலா அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை. சௌனாவில் பேசாமல் இருந்ததையாவது அசதி என்று சொல்லலாம். இந்த முறை அப்படியில்லை என்று அவளுக்கே தெரியும்.

எப்படியும் கிளப் அவனை அடுத்த வருடம் வைத்துக்கொள்ளப்போவதில்லை, நான் சொன்னால் மட்டும் என்ன மாறிவிடப்போகிறது என்று இத்தனை வாரமாக அவள் தன்னையே தேற்றிக்கொண்டிருந்தாள்.

அந்தத் தேறுதலைத்தான் மிர்யா இன்று காலையில் போனில் பிடுங்கிப் போட்டாள்.

"ஹர்ரிய பாக்கவே பாவமா இருக்கு, சைலா" என்றாள். "நேத்து சாப்பாட்டுல உட்கார்ந்து புலம்புறான். யார்னோ மட்டும் இன்னொரு வருஷம் ஆடுறேன்னு சொல்லியிருந்தா, நான் அன்னைக்கே கையெழுத்து வாங்கியிருப்பேன்கிறான். அவன மாதிரி பின்னால நின்னு கத்திக் கத்தி ஆட்டத்த நடத்த இப்ப யாரு இருக்காங்கிறான். நான்தான் சும்மா இருன்னேன். மனுஷன் தானா ஒரு முடிவு எடுத்திருக்கான், அதப் போய் கிளறலாமா?"

கஞ்சி அடிப்பிடிக்கும் வாசனை வந்தது.

"சைலா? இருக்கியா?"

"இருக்கேன்."

"சரி, சரி. காபிக்கு எல்லாரையும் கூட்டிட்டு வந்துடு. கெர்ட்டு வருவாளா?"

"அவ பள்ளிக்கூட லீவுக்கு என் அக்கா வீட்டுக்குப் போயிருக்கா."

"அய்யோ, கேக்கு கொஞ்சம் எடுத்து வைக்கிறேன் அவளுக்கு."

போனை வைத்துவிட்டு சைலா பாத்திரத்தைத் தொட்டியில் போட்டாள்.

"யாரு?" என்று கூடத்திலிருந்து கேட்டான் யார்னோ.

"மிர்யா. கேக்கு விஷயம்."

"கழுத்தப் பிடிச்சுத் தள்ளிட்டு கேக்கு வேற. கிரீம் நிறைய வைக்கச் சொல்லு, தள்ளினதுக்கு அதாவது கிடைக்கட்டும்." சிரித்தான். அந்தச் சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து சமையலறைக்கு வந்தான். கருகிய கஞ்சியைப் பார்த்தான், ஒன்றும் சொல்லாமல் ரொட்டியை எடுத்து வெண்ணெய் தடவினான்.

"திங்கக்கிழமை காலைல எழுந்திருச்சு நான் என்ன பண்ணுவேன், சைலா?"

"தூங்கு."

"அதுக்கப்புறம்?"

அவளிடம் அதற்குப் பதில் இருந்தது. விறகு பிள, மகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடு, ஞாயிற்றுக்கிழமை என்னோடு உட்கார்ந்து சாப்பிடு, ராத்திரியில் காலுக்கு ஐஸ் கட்டாமல் படு. இதையெல்லாம் வருடக்கணக்காக அவள் மனசுக்குள் அடுக்கி வைத்திருக்கிறாள். ஆனால் மிர்யா சொன்னதை மறைத்துக்கொண்டு எதை எடுத்துச் சொல்வது?

அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனான்.

"யார்னோ."

"ம்?"

இப்போதே சொல்லிவிட்டால் ஆயிற்று. ஒரே ஒரு வாக்கியம். அவன் நின்று அவளைப் பார்த்தான்.

"தொப்பிய எடுத்துக்கோ. பனி விழும்கிறாங்க."

அவன் தொப்பியை வாங்கிக்கொண்டு போனான். சைலா ஜன்னல் வழியாகக் கார் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

*

மத்தியானம் தன் காரில் மாமனாரை ஸ்டேடியத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும் பொறுப்பு அவளுடையது.

தைஸ்தோ வழக்கம்போல அடுக்குமாடி வாசலில் முன்கூட்டியே வந்து நின்றிருந்தார். ஒரு கையில் பிளாஸ்க், இன்னொரு கையில் உட்காருவதற்கு மடித்த ரப்பர் விரிப்பு. ஆலையில் காகித மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர். மகன் உள்ளூரில் ஆடிய எந்த ஆட்டத்தையும் அவர் தவறவிட்டதில்லை. வெளிநாட்டில் ஆடியபோது, கம்ப்யூட்டரில் விட்டுவிட்டுத் தெரியும் படத்தைத் திரையில் மூக்கு உரசப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஏறி உட்கார்ந்ததும், "இன்னைக்கு நான் பேசப்போறேன்" என்றார்.

"எங்க?"

"காபி குடிக்கிற இடத்துல. ஹர்ரிகிட்ட."

சைலா காரை ரோட்டில் இறக்கினாள். "வேண்டாமே, தைஸ்தோ" என்றாள். மாமனாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் அங்கே வழக்கம்.

"ஏன் வேண்டாம்? நான் ஓட்டிட்டு இருந்த மெஷினை மூடுறாங்கன்னு எனக்கே ரேடியோவுலதான் தெரிஞ்சுது. காலைல பல் தேய்ச்சுட்டு நிக்கிறேன், செய்தி வாசிக்கிறான். எவனும் நேர்ல வந்து சொல்லல. நானும் போய்க் கேக்கல, வாய மூடிட்டு வேலைக்குப் போனேன். இப்ப என் பையனுக்குப் போஸ்டர்ல சொல்றாங்க. இவனும் வாய மூடிட்டுப் போறான். என்ன வம்சம்டா இது!"

"ஹர்ரி அப்படிப்பட்ட ஆளு இல்ல."

"அப்படிப்பட்ட ஆளு இல்லேன்னா, டேய் யார்னோ, உனக்கு வயசாயிடுச்சு, போதும்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம்ல? ரெண்டு பேரும் சின்ன வயசுல ஒண்ணா ஆடினவங்க. எங்க வீட்டுல எத்தன சாப்பாடு சாப்பிட்டிருக்கான் அவன்! இன்னைக்கு எல்லாரு முன்னாலயும் கேக்குறேன். கேக்கு தொண்டைல சிக்கட்டும்."

பாலத்தின் மேல் போகும்போது ஏரி சாம்பல் நிறத்தில் கிடந்தது. சைலாவுக்குக் காரை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து, கொஞ்ச நேரம் யாரோடும் எதுவும் பேசாமல் இருக்க வேண்டும்போல இருந்தது. ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவள் வேறு, கண் எரிந்தது. பேசாமல் இருந்துதானே இந்த நிலைமைக்கு வந்தது என்றும் தோன்றியது.

"தைஸ்தோ, ஹர்ரி மேல தப்பு இல்ல."

"உனக்கு நல்ல மனசு" என்றார் அவர். விஷயம் அதோடு முடிந்தது என்பதுபோலப் பிளாஸ்க்கை மடியில் நிறுத்தி வைத்துக்கொண்டார். அந்த நல்ல மனசு என்ற வார்த்தை ஸ்டேடியம் வரைக்கும் அவளைக் குத்திக்கொண்டே வந்தது.

*

தோற்றாலும் ஜெயித்தாலும் ஒன்றும் மாறாத ஆட்டம் அது. வார்க்கவுஸ் கிளப் மேல் பிரிவுக்கும் போகாது, கீழ்ப் பிரிவுக்கும் விழாது. கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்திருந்த எதிரணிக்கும் அதே கதைதான். ஆனாலும் கூட்டம் வந்திருந்தது. யார்னோவை வழியனுப்ப வந்த கூட்டம்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பனி தூற ஆரம்பித்தது. செயற்கைப் புல்லின் மேல் விழுந்து விழுந்து கரைந்தது. சைலாவும் தைஸ்தோவும் கார்னர் கொடி பக்கத்தில், அவர் எப்போதும் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

யார்னோ அன்றைக்கு நன்றாக ஆடினான். அதுதான் சைலாவுக்குத் தாங்கவில்லை. சுமாராக ஆடித் தொலைத்திருக்கக் கூடாதா? எதிரணியின் இளவட்டம் ஒருவன் பந்தோடு பாய்ந்து வந்தபோது, யார்னோ ஓடவில்லை. ஓட முடியாது என்று அவனுக்கே தெரியும். அந்தப் பையன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று முன்னாலேயே கணித்து, அங்கே போய் நின்றுகொண்டிருந்தான். பந்து அவன் காலுக்குத் தானாக வந்து சேர்ந்தது. கூட்டம் சிரித்துக்கொண்டே கை தட்டியது.

பின்வரிசையிலிருந்து ஒருவர், "இவன் போயிட்டா இந்த வேலைய யாரு பாப்பா?" என்றார்.

"அதான் எனக்கும் புரியல" என்றார் பக்கத்திலிருந்தவர். "நல்லா ஆடிட்டிருக்கும்போதே போகணும்னு அவனேதான் முடிவு பண்ணினானாம். ஹர்ரிக்கு இஷ்டமே இல்லையாம்."

தைஸ்தோ திரும்பினார். "யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது. உங்களுக்குத் தெரியாதா? நீங்கதான அப்பா?"

தைஸ்தோ அந்த மனிதரைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி மருமகளைப் பார்த்தார். சைலா மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் அங்கே பந்து எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

அவர் பிளாஸ்க்கைத் திறந்தார். மூடியில் காபி ஊற்றி அவளிடம் நீட்டினார்.

"குடி. ஆறிடும்."

அவள் வாங்கிக்கொண்டாள்.

"ஹர்ரி மேல தப்பு இல்லன்னு கார்ல சொன்னியே" என்றார் தைஸ்தோ, மைதானத்தைப் பார்த்தபடி. "அது நல்ல மனசுல சொன்னது இல்ல, என்ன?"

"இல்ல."

எதிரணி ஒரு கோல் போட்டது, அவர் அசையவில்லை.

"காபி நேரத்துல நான் வாயத் தொறக்கட்டுமா, நீ தொறக்குறியா?"

"நான்."

"சரி" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஆட்டம் முடியச் சற்று முன்பு, கோட்டுக்கு வெளியே பலகையில் யார்னோவின் ஐந்தாம் நம்பர் சிவப்பில் ஒளிர்ந்தது. யார்னோவை வெளியே எடுக்கிறார்கள், கூட்டம் எழுந்து நின்று கை தட்டட்டும் என்பதற்காக. இரண்டு அணி ஆட்டக்காரர்களும் வரிசையாக நின்று வழிவிட்டார்கள். ஹர்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்து அவனைக் கட்டிப்பிடித்தான்.

யார்னோவின் கைகள் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தன. கட்டிக்கொள்ளவில்லை. தன்னைத் துரத்துகிறவனே அழுதால் என்ன செய்வது என்று தெரியாத முகம். அந்த முகத்தில் சைலா வருத்தத்தைத்தான் எதிர்பார்த்திருந்தாள். இருந்தது அவமானம். ஊர் முழுக்க எழுந்து கை தட்டுகிறது, இவன் தலை குனிந்து, தப்புச் செய்து பிடிபட்டவனைப் போல நடந்து வருகிறான்.

இதை நான்தான் இவனுக்குச் செய்தேன் என்று நினைத்துக்கொண்டாள் சைலா. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சுற்றியிருந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, பாவம், கணவனின் கடைசி ஆட்டம் என்று அவளுக்காக இரக்கப்பட்டார்கள்.

*

கிளப் அறையில் ஈரக் கோட்டுகளின் வாடையும் காபி வாசனையும் சேர்ந்து அடித்தன. நீளமான மேஜையில் சால்மன் மீன் வைத்து அடுக்கிய ரொட்டிக் கேக், சோறு வைத்துச் சுட்ட கரேலியன் பலகாரம், நடுவில் மிர்யாவின் பாதாம் கேக். அதன் மேல் பச்சையில் பெரிய ஐந்து. குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்த யார்னோவின் கையில் ஒரு தட்டைக் கொடுத்து, எல்லோரும் பார்க்கிற இடத்தில் நிறுத்திவிட்டார்கள்.

ஹர்ரி பேசினான். பேசத் தெரியாதவன்.

"நானும் இவனும் ஒரே சௌனாவுல வளந்தவங்க. மேடையில நின்னு புகழ எனக்கு வராது." தொண்டையைச் செருமிக்கொண்டான். "ஒண்ணே ஒண்ணு சொல்றேன். இவன் நிறுத்துறது எனக்குப் பிடிக்கல. இன்னொரு வருஷம் என்ன, ரெண்டு வருஷம்கூட இவன வெச்சிருந்திருப்பேன். ஆனா ஒரு மனுஷன் தானா யோசிச்சு எடுத்த முடிவு. அதுல நான் மூக்க நுழைக்கல. நன்றி, யார்னோ."

கை தட்டினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே யார்னோவின் உதடு அசைந்ததை சைலா பார்த்தாள். "யாரு எடுத்த முடிவு?" என்று அவன் கேட்டது வேறு யார் காதிலும் விழவில்லை.

சுவரோரம் உட்கார்ந்திருந்த தைஸ்தோ கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஒரு நிமிஷம்" என்றாள் சைலா.

கூப்பிடாமல் எழுந்து நின்று பேசுகிற பழக்கம் அந்த அறையில் யாருக்கும் கிடையாது. காபி ஊற்றிக்கொண்டிருந்த அம்மாள்கூடக் கெட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

"யார்னோ நிறுத்துறேன்னு யாருகிட்டயும் சொல்லல, ஹர்ரி. ஆகஸ்ட்ல மிர்யா என்கிட்ட கேட்டா. நான் பேசாம இருந்துட்டேன். நீங்க அவனே போறதா நினைச்சுட்டீங்க. அவன் நீங்க அனுப்புறதா நினைச்சுட்டான். ரெண்டும் இல்லேன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லல."

மிர்யாவின் முகம் சிவந்தது. "அன்னைக்கு நீ ஒண்ணுமே சொல்லலையே, சைலா."

"ஆமா. ஒண்ணுமே சொல்லல."

யாரோ தட்டில் கரண்டியை வைத்த சத்தம் கேட்டது. யார்னோ அவளைப் பார்க்கவில்லை. கேக்கின் மேலிருந்த பச்சை நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஹர்ரி மனைவியைப் பார்த்தான், மேனேஜரைப் பார்த்தான், கடைசியில் பயிற்சியாளர் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது.

"சரி, அப்ப கேக்கு வீணாப் போனா போகட்டும்" என்றான். "நவம்பர்ல பயிற்சி ஆரம்பிக்கிறோம். வர்றியா, யார்னோ?"

யார்னோ பதில் சொல்லவில்லை.

அறை காத்திருந்தது. அவன் பேசாமல் நிற்க நிற்க, ஒவ்வொரு முகமாக மலர ஆரம்பித்தது. மேனேஜர் தலையாட்டினார். பின்னால் நின்ற இளம் ஆட்டக்காரர்கள் கை தட்டத் தொடங்கினார்கள். ஹர்ரி சிரித்தபடி அவன் தோளில் போடக் கையைத் தூக்கிவிட்டான்.

"தட்டாதீங்க!" என்றாள் சைலா. குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. "அவன் இன்னும் எதுவும் சொல்லல."

அப்போதுதான் யார்னோ அவள் பக்கம் திரும்பினான்.

"நீ ஏன் அன்னைக்குப் பேசல?"

"அலுத்துப்போயிருந்தேன்."

"அன்னைக்கா?"

"போலந்துலேர்ந்தே."

யாரோ சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றான் யார்னோ.

"நீ கேட்டிருக்கலாம்ல? டென்மார்க் போறோம்னு சொன்ன, பெட்டி கட்டினேன். சைப்ரஸ் போறோம்னு சொன்ன, கெர்ட்டுவ இடுப்புல வெச்சுக்கிட்டுப் பெட்டி கட்டினேன். போலாமான்னு ஒரு நாள் கேட்டியா?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். இத்தனை பேர் முன்னால் புருஷன் பெண்டாட்டி பேசுவதைக் கேட்க நேர்ந்ததற்கு அவர்களுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் வெளியே போகவும் யாருக்கும் மனமில்லை.

யார்னோ தட்டை மேஜையில் வைத்தான்.

"இப்பக் கேக்குறேன். நான் ஆடட்டுமா, நிறுத்தட்டுமா?"

உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டால் போதும். அறை முழுக்க நிம்மதியாக மூச்சுவிடும், காபி சூடாக இருக்கும்போதே எல்லோரும் குடிப்பார்கள். அவளைப் பற்றியும் ஊரில் நல்ல விதமாகப் பேசுவார்கள். மைதானத்தில் அவன் எதிராளிக்கு முன்னால் போய் நின்ற அழகும் அவள் கண்ணுக்குள் இருந்தது.

"நிறுத்து" என்றாள் சைலா.

அவன் தலையை அசைத்தான். சம்மதமாக இல்லை, கேட்டுக்கொண்டேன் என்பதற்காக.

"திங்கக்கிழமை வந்து சொல்றேன், ஹர்ரி."

"என்னன்னு சொல்லுவ?"

"தெரிஞ்சா இப்பவே சொல்லியிருக்க மாட்டேனா?"

கோட்டை எடுத்துக்கொண்டு நொண்டியபடி வெளியே போனான். கதவு மூடியதும் மிர்யா கத்தியை எடுத்து, கண்ணில் நீர் வழிய, கேக்கை வெட்ட ஆரம்பித்தாள். என்ன இருந்தாலும் வெட்டித்தானே ஆக வேண்டும்.

*

அவன் தன் காரை அங்கேயே விட்டுவிட்டு அவள் காரில் ஏறிக்கொண்டான். முழங்கால் வீங்கிவிட்டதால் ஓட்ட முடியாது. தைஸ்தோ பின்னால் உட்கார்ந்தார். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. கண்ணாடியில் படிந்த பனியைத் துடைப்பான் தள்ளித் தள்ளிவிட்டது.

சைலா காரைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தாள்.

"கோவமா?"

"ஆமா" என்றான் யார்னோ.

"இருக்கட்டும்." ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் ஆடணும்னு ஆசையா இருக்கா உனக்கு?"

அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஸ்டேடியத்து விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன.

"யார்னோ, உன்னத்தான் கேக்குறேன். ஆசையா?"

"ஆமா." வீங்கிய முழங்காலை அழுத்திப் பிடித்தான். "அதான் கஷ்டமா இருக்கு. காலு வேணாங்குது. நீ வேணாங்குற. நான் ஒருத்தன்தான் வேணுங்கறேன்."

அவன் கையைத் தொடலாமா என்று நினைத்தாள், தொடவில்லை.

பின்சீட்டில் தைஸ்தோ தொண்டையைக் கனைத்தார்.

"நானும்தான் நீ ஆடணுங்கறேன்" என்றார்.

பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. மருமகளின் கண்ணைப் பார்க்க முடியாமல், மடியில் இருந்த காலிப் பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். சைலா கியரைப் போட்டு வண்டியை எடுத்தாள்.